சலிப்பு சோம்பல் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து எழுதுகிறேன். தென்னார்க்காடு மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, 1996இல் திருமணமாகி இங்கு வந்தவள் நான். மாலை வேளைகளில் எங்கள் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். தங்கள் நாளிதழை இணையம் வழியாக நாள்தோறும் படிக்கும் பழக்கம் உண்டு. அதன் மருத்துவப் பக்கத்தில் நீரிழிவு பற்றியோ இதய நோய் பற்றியோ கட்டுரை வரும்போதெல்லாம், முடிவில் "சோம்பலை விட்டொழித்து நாள்தோறும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்ற பொருளில் ஒரு வரி வந்துவிடுகிறது. அந்த வரியைப் பற்றித்தான் இக்கடிதம். உடற்பயிற்சியைத் தொடங்கிவிட்டுக் கைவிட்டவர்களாக நான் அறிந்தவர்களில் சோம்பேறி என்று ஒருவரையும் சொல்ல முடியாது. விடியற்காலையில் எழுந்து சமைத்து, இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போய், திரும்பி வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பயிற்சி சலித்துவிட்டது, அதனால் விட்டார்கள்.

நம் மொழியில் அலுப்பு, சலிப்பு என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. பேச்சில் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிச் சொல்வது உண்டு என்றாலும், நாற்று நட்டுவிட்டு வீடு திரும்பியவர் "உடம்பு அலுப்பாக இருக்கிறது" என்பாரே தவிர, சலிப்பாக இருக்கிறது என்று சொல்லமாட்டார். அலுப்பு உடலைச் சேர்ந்தது. படுத்து எழுந்தால் தீர்ந்துவிடும். சலிப்பு மனத்தைச் சேர்ந்தது. எத்தனை முறை படுத்து எழுந்தாலும், அதே வேலையை மறுபடி நினைத்தவுடன் திரும்பி வந்து நிற்கும். உடற்பயிற்சி பற்றிப் பேசும்போது மருத்துவர்கள் அலுப்பைக் கவனமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மூச்சு எவ்வளவு வாங்கலாம், நாடித்துடிப்பு எவ்வளவு ஏறலாம், முழங்கால் தாங்குமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். எனக்கு நீரிழிவு என்று தெரிந்த நாளிலிருந்து இன்றுவரை நான் பார்த்த மருத்துவர்களில் ஒருவர்கூட, "உங்களுக்கு எந்தப் பயிற்சி சலிக்கும்?" என்று கேட்டதில்லை.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது என்பதற்குக் கணக்கே சாட்சி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்த ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான பயிற்சியோ செய்ய வேண்டும். இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். மிதமான பயிற்சியில் மிகக் குறைந்த அளவான 150 நிமிடத்தையே எடுத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 7,800 நிமிடம், அதாவது 130 மணி நேரம் ஆகிறது. "மருந்து கசக்கிறது என்று யாராவது விட்டுவிடுவார்களா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மாத்திரையின் கசப்பு நாக்கில் ஒரு நொடிதான். ஆண்டுக்கு 130 மணி நேரக் கசப்பை, அதுவும் ஆயுள் உள்ளவரை, மன உறுதி ஒன்றையே நம்பி விழுங்கச் சொல்வது நடக்கக்கூடிய காரியம் அன்று.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். டர்பனில் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி தனியாக நடைப்பயிற்சி செய்வது எளிதன்று. ஜூன் மாதத்தில் மாலை ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். காலையில் ஏழு மணி நெருங்கினால்தான் நன்றாக விடியும். வேலைக்கு முன்பும் இருட்டு, வேலைக்குப் பின்பும் இருட்டு. இருட்டில் தனியே தெருவில் நடக்க வேண்டாம் என்று வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே 2022இல், இங்குள்ள ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இருக்கும் ஜிம்மில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம். டிரெட்மில்லில் நாளைக்கு முப்பது நிமிடம் நடக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னார். வரிசையாகப் பதினான்கு இயந்திரங்கள். எல்லாம் கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி இருந்தன. கண்ணாடிக்கு வெளியே கார் நிறுத்துமிடம். நிமிடம், தூரம், கலோரி ஆகிய மூன்றும் எனக்கு எதிரே சிவப்பு எண்களாக ஓடிக்கொண்டிருக்கும். கால்கள் நன்றாகவே நடந்தன. அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. மனத்துக்குத்தான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத மனம் அந்த எண்களைப் போய்ப் பிடித்துக்கொண்டது. பார்க்காமல் இருப்பதற்காகத் துண்டை எடுத்துத் திரையின்மேல் போட்டேன். பாதி நேரமாவது போயிருக்கும் என்று எண்ணித் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் ஏழு நிமிடம் நாற்பது விநாடி ஆகியிருந்தது.

அந்த ஆண்டு மின்வெட்டு மிகுதியாக இருந்தது. ஒரு மாலை நேரத்தில், எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்வதற்குள் சில விநாடி இருட்டு. அந்த இருட்டில், என் இரு பக்கத்திலும் நின்றவர்களிடமிருந்து ஒரே நேரத்தில் பெருமூச்சு எழுந்தது. இளைப்பின் மூச்சு அன்று அது. பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகளிடமிருந்து எழும் நிம்மதி மூச்சு. இத்தனை பேரும் சொந்தப் பணத்தைக் கட்டி, சொந்த விருப்பத்தோடு வந்தவர்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். நான்காவது மாதத்தில் போவதை நிறுத்தினேன். ஒப்பந்தப்படி எஞ்சிய இருபது மாதமும் பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பயிற்சியாளரிடம் தொலைபேசியில் காரணத்தைச் சொன்னபோது, இயந்திரத்துக்கு எதிரே தொலைக்காட்சி வைத்திருக்கிறோம் என்றார்.

இந்த இயந்திரத்தின் பிறப்பைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. 1818இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர், சிறைக் கைதிகளுக்குத் தண்டனை வேலையாக மிதிசக்கரம் ஒன்றை வடிவமைத்தார். பெரிய உருளையைச் சுற்றிப் படிகள் இருக்கும். கைதிகள் அவற்றின்மேல் ஏறிக்கொண்டே இருப்பார்கள். ஏற ஏற அது கீழே சுழன்றுகொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிடக் கூடாது என்பதற்காகப் பல சிறைகளில் இடையே தட்டி வைத்து மறைத்தார்கள். சில இடங்களில் அது தானியம் அரைத்தது. சில இடங்களில் ஒன்றையும் அரைக்காமல் வெறுமனே சுழன்றது. இந்த வேலையின் கொடுமை அதன் கடினத்தில் இல்லை, மாறாமல் ஒரே சீராகச் சென்றுகொண்டிருப்பதில்தான் இருக்கிறது என்று 1824இலேயே அமெரிக்காவில் எழுதிவைத்திருக்கிறார்கள். 1898இல் சிறைச் சட்டத்தைத் திருத்தியபோது பிரிட்டன் அதைக் கைவிட்டது. போய்ச் சேரும் இடம் இல்லை, பக்கத்தில் பேச்சுத்துணை இல்லை, செய்ததற்குக் கண்ணுக்குத் தெரியும் பலன் இல்லை. இந்த மூன்றையும் திட்டமிட்டு நீக்கியதால்தான் அது தண்டனை ஆயிற்று. இன்றைய இயந்திரம் உடலுக்கு நல்லது செய்கிறது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அந்த மூன்றையும் அது இன்னும் திருப்பித் தரவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றை நம் ஊர்களில் வைத்திருந்தோம். என் தாத்தா, கிணற்று நீர் இறைக்கும் ஏற்றம் மிதித்தவர். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் கிணற்றுக்கு டீசல் எஞ்சின் வந்துவிட்டது. ஆனாலும் பக்கத்துக் கொல்லையில் ஓர் ஏற்றம் இருந்தது. அதன் நெடிய மரத்தின்மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னுமாக நடப்பார்கள். அவர்கள் கிணற்றை நோக்கி நடந்தால் நீர் மொள்ளும் சால் கீழே இறங்கும், திரும்பி நடந்தால் மேலே ஏறும். கீழே நிற்பவர் நீரைக் கவிழ்ப்பார். பத்தடி மரத்தின்மேல் போவதும் வருவதும்தான் வேலை. டிரெட்மில்லைப் போலவே ஓரிடத்துக்குள் அடங்கிய நடை அது. கால் தவறினால் கிணறு. காலை முதல் வெயில் ஏறும்வரை அந்த நடையை நடந்தார்கள். ஆனால் ஏற்றக்காரர் பாடுவார். எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையே பாட்டுக்குள் வரும். ஒன்று என்பதற்கு ஓர் அடி, இரண்டு என்பதற்கு மற்றோர் அடி என்று அது வளர்ந்துகொண்டே போகும். மேலே நடப்பவர் ஓர் அடி சொன்னால் கீழே சால் பிடிப்பவர் அடுத்த அடியை எடுப்பார். வாய்க்காலில் நீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். கம்பர் ஒரு நாள் ஏற்றப் பாட்டின் ஓர் அடியைக் கேட்டு, அதற்குள் ஏற்றக்காரர் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டதால், அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் எண்ணி, மறுநாள் காலையில் மீண்டும் அங்கே வந்து நின்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, மறுநாள் திரும்பி வரச் செய்வது எது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது போதும். ஏற்றக்காரரும் எண்ணினார், நானும் ஜிம்மில் எண்ணினேன். அவருடைய எண்ணிக்கை பாட்டாக இருந்தது. என்னுடையது சிவப்பு எண்ணாக இருந்தது.

பழைய வேலைகளைப் புகழ்ந்து, அக்காலமே நன்று என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் மாமியார் மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்தில் வந்து நின்றது முதல் 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மாமியாரின் தாத்தாவும் பாட்டியும் அவர்களில் இருவர். கரும்பு வெட்டியதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லி எங்களிடம் பெருமை பேச முடியாது. ஆனால் நான் ஜிம்முக்குப் போகத் தொடங்கியபோது மாமியார் கேட்ட கேள்வி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. "ஏம்மா, நடக்கிறதுக்கா காசு கட்டுறே?" என்று கேட்டார். அவருடைய தலைமுறைக்கு நடை என்பது வேறு ஏதோ ஒன்றைச் செய்யப் போகும்போது தானாக நிகழ்ந்தது. லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு இவ்விஷயத்தில் புகழ்பெற்றது. இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களை விட, மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்த நடத்துநர் படி ஏறும்போது படியை எண்ணியிருக்கமாட்டார். யார் சீட்டு வாங்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

எந்தெந்தப் பயிற்சி சலிக்கிறது என்று என் உறவினரிடமும், தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரிடமும் சென்ற ஆண்டு முழுவதும் கேட்டுப் பார்த்தேன். ஆய்வு என்று அதற்குப் பெயர் வைக்கமாட்டேன். கேட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். டிரெட்மில்லும், நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளும் எல்லார் வாயிலும் முதலில் வந்தன. அடுத்து, மல்லாந்து படுத்து வயிற்றை மடக்கி எழும் பயிற்சி. இருபது முறை எழ வேண்டும் என்றால் ஒன்றுக்கும் இருபதுக்கும் இடையே ஒரு வேறுபாடும் இல்லை, இருபதாவது வலிக்கிறது என்பதைத் தவிர. நீச்சல் குளத்தில் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் போய்வருவது சலிக்கிறது என்று சொன்னவர்கள், அதே டர்பன் கடலில் அலைக்கு எதிராக ஒரு மணி நேரம் நிற்பது சலிக்கவில்லை என்றார்கள். குளத்தின் அடியில் தெரியும் கறுப்புக் கோடு மாறுவதில்லை. அலை ஒவ்வொன்றும் வேறாக வருகிறது. யோகாசனம் சிலருக்கு உயிர். சிலருக்கு அதன் மெதுவான நடை பொறுக்கவில்லை. சுற்றுச் சுவருக்குள் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிற ஒருவர், தம் நாயே மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிடுகிறது என்று சொல்லி வருந்தினார்.

ஆனால் ஒருவருக்குச் சலிப்பது மற்றவருக்கு மருந்தாகவும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. எங்கள் தெருவில் இருக்கும் செவிலியர் ஒருவர், இரவு முழுவதும் அவசரப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வந்து, சைக்கிள் இயந்திரத்தில் நாற்பது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கிறார். எதையும் கவனிக்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பதே அவருக்கு ஓய்வு. என் மகனுக்கு எடை தூக்குவது சலிப்பதே இல்லை. அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறான். போன மாதம் நாற்பது கிலோ, இந்த மாதம் நாற்பத்திரண்டரை. அந்த இரண்டரைக் கிலோ அவனுக்குச் சால் நீர் வாய்க்காலில் ஓடுவதைப் போல. ஆகவே இன்ன பயிற்சி நல்லது, இன்னது கெட்டது என்று பட்டியல் போட்டு எல்லாருக்கும் பொதுவாக வழங்குவதில் பயன் இல்லை. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர், மனிதர் ஒரு செயலில் தாமாக நிலைத்திருக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்: அதைத் தாமே தேர்ந்தெடுத்ததாக உணர வேண்டும், அதில் தேர்ச்சி கூடுகிறது என்று தெரிய வேண்டும், மற்றவர்களோடு ஓர் உறவு அதில் இருக்க வேண்டும். செவிலியருக்கு முதலாவது கிடைத்தது. என் மகனுக்கு முதல் இரண்டும் கிடைத்தன. எனக்கு மூன்றாவது இல்லாமல் முடியாது என்பதை, அந்த இருபது மாதப் பணம் போன பிறகுதான் உணர்ந்தேன். தொடக்கத்திலேயே ஒருவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தூரமும் கடுமையும் சலிப்புக்குக் காரணம் அல்ல என்பதற்கு எங்கள் ஊரிலேயே பெரிய சான்று இருக்கிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் 1921இல் தொடங்கியது. முதல் ஓட்டத்தில் 34 பேர் புறப்பட்டு 16 பேர் முடித்தார்கள். பெண்களும் எல்லா இனத்தவரும் முறைப்படி ஓட அனுமதி கிடைத்தது 1975இல்தான். ஏறத்தாழ 88 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இடையில் கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய குன்றுகள். இவ்வளவு நீண்ட ஓட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் ஆண்டு தவறாமல் வருகிறார்கள். பொதுவாக ஓர் ஆண்டு கடற்கரையிலிருந்து மேட்டுக்கும், மறு ஆண்டு மேட்டிலிருந்து கடற்கரைக்கும் ஓட்டத்தின் திசையை மாற்றுவார்கள். அதே சாலைதான் என்றாலும், சென்ற ஆண்டு ஏறிய குன்றில் இந்த ஆண்டு இறங்க வேண்டும். முழங்காலுக்கு அது முற்றிலும் வேறு அனுபவம் என்று ஓடியவர்கள் சொல்கிறார்கள். வழி நெடுகச் சாலையோரத்தில் மக்கள் இறைச்சி சுட்டுக்கொண்டும், தண்ணீர் கொடுத்துக்கொண்டும், முன்பின் தெரியாதவரைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டும் நிற்கிறார்கள். மார்பில் குத்தியிருக்கும் எண் அட்டையில் பெயர் இருக்கும். அதைப் படித்து அழைப்பார்கள். எண்பது கிலோமீட்டர் ஓடி முடித்த நிலையில் தம் பெயரைக் கேட்பதற்கும், சுவரைப் பார்த்து எட்டு நிமிடம் நடப்பதற்கும் உள்ள வேறுபாடு கால்களில் இல்லை.

நான் காம்ரேட்ஸ் ஓடப் போவதில்லை. என் போன்றவர்களுக்குச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பார்க்ரன் இருக்கிறது. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய இந்த ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், 2011இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. கட்டணம் இல்லை, ஓடலாம், நடக்கலாம், குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டும் போகலாம். எல்லாருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார்; ஆகவே எவரும் கடைசியாக வந்தவர் ஆவதில்லை. டர்பன் கடற்கரை நடைபாதையில் நானும் எட்டு மாதமாக நடக்கிறேன். ஒரு வாரம் போகாவிட்டால் மறு வாரம் "அக்கா, எங்கே காணோம்?" என்று கேட்க அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை ஒரு நாள்தான். 150 நிமிடத்தில் அது ஐம்பது நிமிடம். மீதி நூறு நிமிடத்துக்கு இருட்டுகிற நகரத்தில் பெண்கள் எங்கே போவது?

இதற்காகத்தான் சென்ற மார்ச் மாதம் எங்கள் கோயில் நிர்வாகத்தாரிடம், தமிழ் வகுப்பு முடிந்த பிறகு மண்டபத்தைச் செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம் கேட்டோம். மண்டபத்துக்குள் சுற்றி நடப்பதாகத்தான் முதலில் எண்ணம். இரண்டு வாரம் நடந்தோம். மூன்றாவது வாரத்தில் பாதிப் பேர் வரவில்லை. கூரைக்கடியில் பெரிய டிரெட்மில் ஒன்றை நாங்களே கட்டிவிட்டோம் என்பது அப்போது புரிந்தது. பிறகு, திருவிழாவுக்கு மட்டும் ஆடும் கும்மியை வாரந்தோறும் ஆடினால் என்ன என்று ஓர் அம்மா கேட்டார். எழுபது வயதானவர், இங்கு தெருக்கூத்தை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று அழைக்கிறார்கள், அந்தக் கூத்தை விடிய விடியக் கண்டு வளர்ந்தவர்.

கும்மியில் குனிந்து தட்ட வேண்டும், நிமிர்ந்து தட்ட வேண்டும், பக்கவாட்டில் ஓர் அடி வைத்துத் திரும்ப வேண்டும். பாட்டின் வேகம் கூடக் கூட வட்டத்தின் வேகமும் கூடும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான பயிற்சி என்று மருத்துவர்கள் ஓர் எளிய அளவுகோல் சொல்வார்கள். கும்மியில் முதலடி எடுத்துப் பாடுகிறவருக்கு மூன்றாவது பாட்டில் அடி உடைந்துபோகும், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். அளவுகோல் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வேறு கருவி தேவைப்படவில்லை. பிறகு பின்னல் கோலாட்டத்துக்கு வந்தோம். மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, உள்ளும் வெளியுமாக மாறி மாறிப் போய்ப் பின்ன வேண்டும். பின்னியதை அதே கணக்கில் பின்னோக்கி ஆடி அவிழ்க்க வேண்டும். ஒருவர் ஓர் அடி தவறினாலும் எல்லாருடைய கயிறும் சிக்கிக்கொள்ளும். ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, எட்டுப் பேர் பின்னிய பின்னல் சிக்கி, அது யாருடைய தவறு என்று கண்டுபிடித்து அவிழ்ப்பதற்குள் ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. வாசலில் காத்திருந்த கணவன்மார் கார் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். உள்ளே இருந்த எங்களில் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இதுவே எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் சொல்லவில்லை. தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி இதில் போதிய அளவு இல்லை. அதற்காக நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் தொடக்கத்தில் பத்து நிமிடம் சேர்த்திருக்கிறோம். அது இன்னும் சலிக்கத்தான் செய்கிறது. அதற்கு ஒரு வழி தேடுகிறோம். முழங்கால் தேய்ந்தவர்கள் குனிந்து ஆடக் கூடாது; அவர்கள் நாற்காலியில் அமர்ந்து கோலை மட்டும் தட்டுகிறார்கள். மருந்தை யாரும் நிறுத்தவில்லை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. இந்திய வம்சாவளியினரிடையே நீரிழிவு மிகுதியாக இருக்கும் நாடு இது. எங்கள் வட்டத்தில் இருக்கும் பதினெட்டுப் பேரில் பதினோரு பேர் மாத்திரை போடுகிறவர்கள். மார்ச்சில் தொடங்கியவர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இப்போது வருகிறார்கள். நான் ஜிம்மில் நான்கு மாதம் தாங்கினேன். இங்கே எட்டாவது மாதம் நடக்கிறது.

ஆகவே தங்கள் மருத்துவப் பக்கத்துக்கு எழுதும் மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் இது. உடற்பயிற்சி செய்யுங்கள் என்ற வரிக்கு முன்பு, நோயாளி இதற்கு முன் எதை முயன்றார், எந்த வாரத்தில் விட்டார், எது சலித்தது என்று கேட்க வேண்டும் என எழுதுங்கள். விட்டவரைச் சோம்பேறி என்று சொன்னால், அவர் அடுத்த முறை மருத்துவரிடம் பொய் சொல்வார். நானும் நான்கு முறை பொய் சொல்லியிருக்கிறேன். நடக்கிறீர்களா என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பொய்யை நம்பி மருந்தின் அளவைக் கூட்டினார்கள்.

மற்றொரு வேண்டுகோள் தங்கள் வாசகர்களிடம். எங்கள் வட்டத்தில் எல்லாருக்கும் சேர்த்து முழுமையாகத் தெரிந்த கும்மிப் பாட்டுகள் நான்குதான். இரண்டு நான் என் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. மற்ற இரண்டும் இங்கேயே வாய்வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்து, இடையிடையே சொற்கள் தேய்ந்துபோனவை. வாரத்துக்கு இரண்டு நாள் என்று எட்டு மாதமாக அந்த நான்கையே பாடி வருகிறோம். சென்ற வாரம், முதல் பாட்டைத் தொடங்கியவுடன் வட்டத்தில் இருந்த ஒரு பெண் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்ததைக் கண்டேன். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் ஊரில் பாட்டிமார் பாடிய கும்மிப் பாட்டோ, கோலாட்டப் பாட்டோ, நடவுப் பாட்டோ, ஏற்றப் பாட்டோ யாருக்கேனும் நினைவில் இருந்தால், முழுதாக இல்லாவிட்டாலும் தெரிந்த அடிகளை மட்டுமாவது, எந்த ஊர் வழக்கம், எங்கே தட்ட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்போடு எழுதித் தங்கள் நாளிதழுக்கு அனுப்பும்படி வேண்டுகிறேன். இடம் இருக்கும்போது தாங்கள் அவற்றை வெளியிட்டால், அந்தச் செவ்வாய்க்கிழமையே நாங்கள் எடுத்துப் பாடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா.